ஆறு குண்டு, ஒரே ஓட்டை

போன சனிக்கிழமை, பலெர்மோவுக்குப் பக்கத்துப் பகேரியாவில், ஒரு வீட்டுக்குள்ளே, கைக்கெட்டும் தூரத்தில் ஒரு துப்பாக்கியைப் பார்த்தேன்.

பொறுங்கள். பலெர்மோ, துப்பாக்கி என்று இரண்டையும் சேர்த்துக் கேட்டதும் உங்கள் மனம் எங்கே ஓடும் என்று எனக்குத் தெரியும். இத்தனை வருடம் இங்கே இருந்தும் போலீஸ்காரர் இடுப்பில் தவிர வேறெங்கும் நான் துப்பாக்கி கண்டதில்லை. ஊரில் சண்டைக் காலத்தில் கண்டதே ஒரு பிறவிக்குப் போதும் என்று கடவுள் விட்டுவிட்டார் என நினைத்திருந்தேன்.

இது வேறு சாதித் துப்பாக்கி. லைசென்ஸ் உள்ள, எண்ணெய் போட்டுத் துடைத்த, பிள்ளை மாதிரி வளர்க்கப்படுகிற ரிவால்வர். வளர்ப்பவர் ஓய்வுபெற்ற எஞ்சினியர். என் மனைவி யசிந்தா வாரத்தில் ஐந்து நாள் வேலை செய்யும் வீட்டின் சொந்தக்காரர். பெயர் போடக்கூடாது என்பது யசிந்தாவின் உத்தரவு. ஆகவே எஞ்சினியர் என்றே வைத்துக்கொள்வோம். அந்த வீட்டில் அவருடைய மனைவிகூட, கோபம் வந்தால், அவரை அப்படித்தான் கூப்பிடுகிறார்.

நான் ஏன் அங்கே போனேன்? எல்லாம் இந்தப் பத்தியால் வந்த வினை. "என்ரை மனுசன் பேப்பரிலை எழுதுறவர்" என்று யசிந்தா ஒருநாள் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறாள். எஞ்சினியர் பிடித்துக்கொண்டார். கூட்டிக்கொண்டு வா, எழுதுவதற்கு ஒரு விஷயம் காட்டுகிறேன் என்று நச்சரித்திருக்கிறார். தமிழில் எழுதப்படுவதை அவர் எப்படி வாசிப்பார்? அதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. எழுதினால் போதும்... எனக்கும் அந்த வியாதி உண்டு என்பதால் அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

ரயிலேறிப் போனோம். வாசலிலேயே கையைப் பிடித்து நேராக ஓர் அறைக்குக் கூட்டிப்போனார். பூட்டிய அறை. அவரைத் தவிர யாரும் உள்ளே போகக்கூடாதாம். யசிந்தா கோப்பி போடும் சாட்டில் குசினிக்குள் நழுவினாள். சனிக்கிழமை அவளுக்கு வேலை இல்லாத நாள். இவள் ஏன் இங்கே விருந்தாளி மாதிரி இருக்காமல் ஓடுகிறாள் என்று நினைத்தேன்.

அறைச் சுவரில், நடுநாயகமாக, கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு படம். மாதா படமாக்கும் என்று கை தானாக நெற்றிக்குப் போய்விட்டது. கிட்டப் போய்ப் பார்த்தால் வெறும் அட்டை. நடுவில் கறுப்பு வட்டம். வட்டத்தின் நடுவில் ஓர் ஓட்டை, ஓரம் கொஞ்சம் கிழிந்தபடி.

"ஆறு குண்டு," என்றார் எஞ்சினியர்.

"மற்ற ஐந்தும் எங்கே?" என்று கேட்டேன். அப்பாவித்தனமாகத்தான் கேட்டேன்.

"அதே ஓட்டைக்குள்."

அதற்குப் பிறகு அவரை யாரும் நிறுத்தியிருக்க முடியாது.

கௌபாய்க்காரர் இடுப்பில் தொங்குமே, அந்தக் கோலத்தில் ஒரு ரிவால்வர். ஆனால் குண்டு சின்னது, பென்சில் தடிப்புத்தான். ஒவ்வொரு வெடிக்கும் பின்னால் உள்ள சுத்தியலைப் பெருவிரலால் இழுத்து வைக்க வேண்டும். இழுத்தால் சிலிண்டர் ஓர் அறை சுழன்று குழலுக்கு நேரே வந்து நிற்கும். ஆறு அறையும் அச்சொட்டாக ஒன்றுபோல இருக்க வேண்டும், மயிரிழை பிசகினாலும் ஆறு குண்டும் ஆறு பக்கம் போகும். குளிர்காலம் முழுக்க எஞ்சினியர் இந்த அறைக்குள் இருந்து அளந்திருக்கிறார், தேய்த்திருக்கிறார், ஸ்பிரிங் மாற்றியிருக்கிறார், மறுபடி அளந்திருக்கிறார். சுட்டுப் பார்ப்பார், சரிவராது, திரும்ப வந்து தேய்ப்பார்.

தோட்டாவும் அவரே செய்வதுதான். சுட்டு முடிந்த பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி வந்து, சுத்தம் பண்ணி, வெடிமருந்தை நகைக்கடைத் தராசு போன்ற ஒன்றில் நிறுத்துப் போட்டு, மேலே ஈயக் குண்டை அழுத்தி... கடையில் வாங்கினால் என்ன என்று கேட்டேன்.

"உங்கள் வீட்டில் மிளகாய்த்தூள் கடையிலா வாங்குகிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்டார். "நீங்களே வறுத்து அரைப்பதாக யசிந்தா சொன்னாளே. ஏன்? கடைத்தூளில் அந்த ருசி இல்லை. இதுவும் அப்படித்தான்."

மனுசன் பேசத் தெரிந்தவர். எனக்குப் பிடித்துப் போயிற்று.

பிறகு அலுமாரியைத் திறந்து மருந்துப் பேணியை எடுத்து மேசையில் வைத்தார். கறுப்பு பிளாஸ்டிக் பேணி. சிவப்புத் திருகு மூடி. மூடியின் விளிம்பில் விரல் வழுக்காமல் இருக்கப் பல் பல்லாக வெட்டு.

எனக்கு அந்தப் பேணியைத் தெரியும்.

எப்படித் தெரியாமல் போகும்? பலெர்மோவில், கபோச் சந்தைப் பக்கத்து எங்கள் வீட்டுக் குசினித் தட்டில், சீனிப் போத்தலுக்குப் பக்கத்தில் அதன் இரட்டைப் பிள்ளை இருக்கிறதே. கொஞ்ச நாளைக்கு முன் யசிந்தா கொண்டுவந்தது. கழுவி, காயவைத்து, மிளகாய்த்தூள் போட்டு வைத்திருக்கிறாள். "காத்துப் போகாத மூடி, நல்ல பேணி" என்று நானே பாராட்டியிருக்கிறேன்.

எஞ்சினியர் தன்பாட்டில் சொல்லிக்கொண்டே போனார். "இதே கம்பெனியில், இதே பேணியில், இன்னொரு வகையும் வைத்திருந்தேன். நம்பர் மட்டும்தான் வேறு. அது முடிந்து, வெறும் பேணியை நானே வீசிவிட்டேன் போல. இது பரவாயில்லை, எடுக்க எடுக்கக் குறையவில்லை. ஆனால் ஒன்று கேளுங்கள். இந்த இரண்டும் ஒருநாளும் சேரக்கூடாது. ஒன்று வேகமாக எரியும், மற்றது மெதுவாக. கலந்தால் என்ன செய்யும் என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். இந்த சிலிண்டர் பிளந்து போகலாம். இந்தக் கை..." என்று தன் வலது கையைத் தூக்கிக் காட்டினார், "...இராது. கண்ணும்தான்."

மெல்லத் திரும்பினேன்.

வாசலில் யசிந்தா. கையில் கோப்பித் தட்டு. கண் மேசையில் இருந்த பேணியிலேயே.

"இஞ்சாருங்கோ," என்றாள் தமிழில், சத்தமே இல்லாமல். "அந்தப் பேணி..."

"எந்தப் பேணி?" தெரிந்துகொண்டேதான் கேட்டேன்.

"எங்கட வீட்டிலை கிடக்கிறதுதான். அதுக்குள்ளை கொஞ்சம் கிடந்தது. நான் அதை இதுக்குள்ளை கொட்டிப்போட்டன்."

"கொட்டினனீரோ?"

"ரெண்டும் ஒரே மாதிரித்தானே இருந்தது. ரெண்டும் அரைவாசிக்குக் கீழை. ஏன் ரெண்டு இடத்தை அடைச்சுக்கொண்டு நிக்கவேணும் எண்டு ஒண்டாக்கிப் போட்டன்."

இதில் நான் அவளை என்ன சொல்ல? எங்கள் வீட்டில் இரண்டு அரைப் போத்தல் சீனி ஒரு நாளும் உயிரோடு இருந்ததில்லை. அரைப் போத்தல் மல்லி, அரைப் போத்தல் உப்பு, எல்லாம் அவள் கண்ணில் பட்ட அன்றே ஒன்றாகிவிடும். மிஞ்சுகிற போத்தல் கழுவிக் கவிழ்க்கப்படும். நல்ல மூடி உள்ள எதையும் குப்பையில் போட எங்கள் ஆட்களுக்குக் கை வருமா? உங்கள் வீட்டு ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் ஐஸ்கிரீம் இருக்கிறதா என்று முதலில் போய்ப் பாருங்கள்... பிறகு சிரியுங்கள்.

நடந்தது இதுதான். எஞ்சினியர் மகளைப் பார்க்க மிலானோ போயிருந்த வாரம், அவர் மனைவி, சிஞ்ஞோரா, மாற்றுச் சாவியைக் கொடுத்து, தூசி தாங்க முடியவில்லை, அவர் வருவதற்குள் அந்த அறையைத் துப்புரவாக்கு, அவருக்குச் சொல்லாதே என்றிருக்கிறார். இவளும் துப்புரவாக்கியிருக்கிறாள். மருந்து உட்பட.

எஞ்சினியர் மிலானோவில் இருந்து வந்து, அதே பேணியில் நிறுத்து நிறுத்துத் தோட்டா செய்து, சுட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். மேசையில் இன்னும் இரண்டு பெட்டி நிறையத் தோட்டா, அடுக்கிவைத்தபடி, பளபளவென்று. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அவருக்குப் போட்டி. அதற்குத்தான் அவை.

"என்ன சொல்கிறாள்?" என்று கேட்டார் எஞ்சினியர், சிரித்த முகத்தோடு.

வாசகர்களே, வாரா வாரம் இந்த இடத்தில் இவ்வளவு வாயடிக்கிற எனக்கு அப்போது வாய் திறக்கவில்லை. யசிந்தாவின் கொன்ட்ராத்தை, அதாவது வேலை ஒப்பந்தத்தை, இந்த மாதம் புதுப்பிக்க வேண்டும். எஞ்சினியர்தான் கையெழுத்து வைக்க வேண்டும். அந்தத் தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் அவளுடைய பெர்மெஸ்ஸோ, இங்கே தங்கும் அனுமதி, நீளும். இந்த மனுசன் இப்போது கோபப்பட்டு, இனி வராதே என்று சொன்னால்? பூட்டிய அறைக்குள் போய் வெடிமருந்தைக் கலந்தாள் என்று யாரிடமாவது சொன்னால்? குவெஸ்தூராவில், அந்தப் போலீஸ் கந்தோரில், இதற்கு என்ன விளக்கம் கொடுப்பது? இப்படி ஒரு பக்கம். இன்னொரு பக்கம், சற்று முன் தூக்கிக் காட்டிய அந்தக் கை.

நான் இதையெல்லாம் யோசித்துக்கொண்டிருக்கும்போதே யசிந்தா தட்டை மேசையில் வைத்தாள். அவருக்கு முன்னால் போய் நின்று, தன் வீட்டுவேலை இத்தாலியனில், சுற்றி வளைக்காமல் சொன்னாள். "சிஞ்ஞோரே, மற்றப் பேணி முடியவில்லை. அதில் இருந்ததை நான் இதில் கொட்டினேன். எனக்குத் தெரியாது. நாளைக்குச் சுடாதீர்கள்."

இதில் யாருக்கு அதிகம் அதிர்ச்சி என்று என்னால் சொல்ல முடியவில்லை. எஞ்சினியரின் முகத்தில் இருந்த இரத்தம் அப்படியே இறங்கியது. கதிரையைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. வலது கையை மடியில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி விரித்துப் பார்த்தார். அதைப் பார்க்கத்தான் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் கைக்கு எத்தனை தடவை ஆபத்து வந்து போயிருக்கிறது, அவருக்கே தெரியாமல்.

"அறையை யார் திறந்தது?" என்றார் கடைசியில்.

"நான்," என்று வாசலில் இருந்து சிஞ்ஞோராவின் குரல் வந்தது. எப்போது வந்து நின்றார் என்று தெரியவில்லை. "அவளைத் திட்டாதே. சாவி கொடுத்தது நான்."

அதற்குப் பிறகு சிசிலியன் மொழியில் ஒரு மழை. எனக்கு முக்கால்வாசி விளங்கவில்லை, விளங்கிய கால்வாசியை இங்கே எழுத முடியாது. மழை ஓய்ந்ததும் எஞ்சினியர் எழுந்தார். இரண்டு பெட்டித் தோட்டாவையும் பேணியையும் இரும்பு அலுமாரிக்குள் தனியாக வைத்துப் பூட்டினார். எல்லாவற்றையும் பிரித்து, மருந்தை முறைப்படி அழிக்கக் கொடுத்துவிட வேண்டும் என்றார். போட்டிக்கு வரவில்லை என்று போன் பண்ணினார். யசிந்தாவைப் பார்த்து, "சொன்னதற்கு நன்றி. திங்கட்கிழமை வழக்கம்போல வா," என்றார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

சிஞ்ஞோரா போகிற போக்கில் சுவரைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். "அப்படியானால் அந்த ஓட்டை எப்போது விழுந்தது? மிலானோவுக்கு முன்னமா, பிறகா?"

எஞ்சினியர் சட்டத்துக்குக் கிட்டப் போனார்.

பிறகுதான். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. குளிர்காலம் முழுக்கத் தேய்த்துத் தேய்த்தும் வராதது, மிலானோ போய்வந்த கிழமையில் வந்திருக்கிறது. தேய்த்ததால் வந்ததா, கலந்ததால் வந்ததா, சும்மா அன்றைக்கு வந்ததா? இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. மனுசன் அந்தச் சட்டத்தைப் பார்த்தபடி நின்றார்.

எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. நாங்கள் மட்டும் என்னவாம்? மகள் நல்ல மார்க்ஸ் எடுத்தால் என் வளர்ப்பு என்கிறேன். இந்தப் பத்தி நன்றாக இருந்தது என்று யாராவது சொன்னால் என் எழுத்து என்கிறேன். நாங்கள் மிலானோ போயிருந்த நேரம் யார் வந்து எதைக் கொட்டிக் கலந்துவிட்டுப் போனார்களோ... சட்டம் மட்டும் எங்கள் பெயரில் தொங்குகிறது.

கதை இதோடு முடிந்திருந்தால் நல்ல கதை.

சிஞ்ஞோரா குசினிக்குப் போனதும் எஞ்சினியர் கதவை ஒருக்களித்துச் சாத்தினார். கொஞ்ச நேரத்துக்கு முன் வெளிறிப்போய் விரல் மடக்கிப் பார்த்த அதே மனுசன். குரலைத் தாழ்த்தி, யசிந்தாவின் பக்கம் குனிந்து, பாவமன்னிப்புக் கேட்பவர் போலக் கேட்டார்.

"யசிந்தா, நன்றாக யோசித்துச் சொல். எது எவ்வளவு இருந்தது?"

கை போகும், கண் போகும் என்று எனக்கு வகுப்பு எடுத்தவர் இவர்தானே? படித்த மனுசன், எஞ்சினியர், பேரப்பிள்ளை கண்டவர்... ஒரே ஓட்டைக்காக இப்படியுமா? கண்ணில் ஒரு பளபளப்பு வேறு. நான் அந்த வீட்டில் துப்பாக்கியைக் கண்டு பயப்படவில்லை. அந்தப் பளபளப்பைக் கண்டுதான் பயந்தேன்.

யசிந்தா அவரை நேராகப் பார்த்து, "ஞாபகம் இல்லை, சிஞ்ஞோரே," என்றாள். தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ரயிலில் எனக்கு எங்கள் வீட்டுப் பேணி நினைவுக்கு வந்தது. அந்தப் பேணித் தூள் போட்டு வைத்த நண்டுக்கறியை விரல் சூப்பிச் சாப்பிட்டவன் நான். இவளானால் யன்னலுக்கு வெளியே கடலைப் பார்த்துக்கொண்டு வருகிறாள், ஒன்றுமே நடக்காதது போல.

"உண்மையாவே உமக்கு ஞாபகம் இல்லையோ?" என்று கேட்டேன்.

"ஏன் இல்லை? கொட்டினவளுக்குத் தெரியாதோ?"

"அப்ப ஏன் இல்லையெண்டு சொன்னனீர்?"

யசிந்தா திரும்பி என்னைப் பார்த்தாள். "சொன்னா அந்த மனுசன் நாளைக்கே கலக்கும். கை போனா, என்ரை கொன்ட்ராத்துக்கு ஆர் கையெழுத்து வைக்கிறது?"