ஏழு சுற்றுக் கோட்டையில் மகளின் நடை

அரூர்ப் பூங்காத் தரையில் கோட்டை வரைந்த அன்றுதான் என் நோய் முதலில் வெளியே தெரிந்தது. எங்கள் பக்கத்துக் காடுகளில் தரையில் கல் பதித்துச் செய்த சுழல்பாதைகள் உண்டு, ஏழு சுற்றுக் கோட்டை என்போம். ஒரே பாதைதான், வளைந்து வளைந்து நடுவில் கொண்டுபோய் விடும். அதையே தெருக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து பெயிண்டில் வரைந்தோம். என் பங்குக்கு வந்த வளைவு மட்டும் கோணல்மாணலாகப் போனது. "காலையிலயே ஊத்திக்கிட்டியா?" என்றார் பக்கத்தில் வரைந்தவர். எல்லோரும் சிரித்தார்கள். குடிப்பழக்கமே இல்லாத நானும் சிரித்தேன்.

பிறகு கால் தள்ளாடியது, பேச்சு குழறியது. நான் வேலை பார்த்த புளி மண்டியின் முதலாளி என் வாயை மோந்து பார்த்தார். வாடை வராததில் அவருக்கு ஏமாற்றம்தான். சர்ச்சில் ஞாயிறு பூசையின்போது என் பக்கத்து இடம் காலியாகவே கிடந்தது. பைசா செலவில்லாமல் குடிகாரன் ஆனேன். இதே நோய் வந்தவர்களே, ஊர் உங்களையும் முதலில் மோந்துதான் பார்க்கும்.

சேலத்து நரம்பு மருத்துவர் ஸ்கேன் பார்த்துவிட்டு அட்டாக்சியா (பலம் இருந்தும் கைகால் சொன்னபடி கேட்காத நிலை) என்றார். சிறுமூளை (உடலை நிதானமாக வைத்திருக்கும் பகுதி) சுருங்கிக்கொண்டு வருகிறதாம்.

"மருந்து இல்லைங்க. நடக்கறத மட்டும் விட்டுடாதீங்க. இது பரம்பரையா வர்றது. எத்தனை பசங்க?"

"ஒரே பொண்ணுங்க."

"அவங்களுக்கும் வரலாம், வராமலும் போகலாம். ரத்தத்துல பாத்துடலாம். ஆனா அத அவங்கதான் முடிவு பண்ணணும்."

கல்லூரியில் படிக்கும் என் மகள் ஸ்டெல்லா ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டாள். "பாத்து என்ன பண்றது? மருந்தா இருக்குது?"

நடப்பதற்குப் பூங்காக் கோட்டைக்கே போனேன். அந்த வளைவுகளில் யாரும் கொஞ்சம் ஆடித்தான் திரும்ப வேண்டும். என்னை மட்டும் தனியாக யாரும் கவனிக்க மாட்டார்கள். துணைக்கு என்று ஸ்டெல்லாவையும் கூட்டிப்போனேன். துணை என்பதெல்லாம் சாக்கு. கொஞ்சம் நடந்ததும் "எனக்கு மூச்சு வாங்குது, நீ நட பாப்பா" என்று பெஞ்சில் உட்கார்ந்துகொள்வேன். அவள் பாதம் கோட்டில் படுகிறதா என்று பார்ப்பேன். ஒரு நாளும் பட்டதில்லை. இருந்தும் மறுநாள் கூட்டிப்போவேன்.

ஒரு சாயங்காலம் நடுவில் போய் நின்று திரும்பினாள்.

"என் காலத்தானப்பா தெனமும் பாக்கற?"

நான் சட்டென்று என் செருப்பைப் பார்த்தேன்.

"நல்லாப் பாத்துக்க."

கால்களை அகட்டி வைத்து, உடம்பு ஆட, கோடுகளையெல்லாம் மிதித்துக்கொண்டு வெளியே வரத் தொடங்கினாள். அச்சு அசல் என் நடை. விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தார்கள். கடைசி வளைவில் தடாலென்று விழுந்தாள். முழங்கை சிராய்த்து ரத்தம் வந்தது.

ஓட முடியாத நான் தள்ளாடிப் போய்ச் சேர்ந்தேன். "விழுந்ததும் நடிப்புதானே பாப்பா?"

சிராய்த்த கையை உதறிக்கொண்டு எழுந்தாள். விழுந்த இடத்தையே திரும்பிப் பார்த்தாள்.

"தெரியலப்பா," என்றாள்.

என் கால் எப்படி இருக்கிறது என்று இப்போது யாராவது கேட்டால், அதைக் கவனித்தே நாளாகிவிட்டதால் யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. வீட்டுக்குள் அவள் நடக்கும் சத்தத்தைக் கேட்டபடி படுத்திருக்கிறேன். அது நின்றுவிட்டால், மறுபடி கேட்கும்வரை எனக்குப் பொழுது நகர்வதில்லை.