பூட்டிவிட்டுப் போன நாள்

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது நான் பிளஸ் டூ முடித்திருந்தேன். அம்மா இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் பி.காம். படிக்க இடம் கிடைத்துக் கடிதமும் வந்துவிட்டது. பெரியப்பா அதை வாங்கிப் படித்தார். மடித்து என் கையிலேயே கொடுத்தார்.

“ஏட்டி, நீ காலைல போனா சாயந்தரந்தான் வருவ. அதுவரைக்கும் இவன யாரு பாக்கது?”

தம்பி அப்போது பத்தாம் வகுப்பு. அவனிடம் யாரும் அதைக் கேட்கவில்லை. பிறகு அவன் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போனபோதும் கேட்கவில்லை. அவன் பெட்டியை நான்தான் அடுக்கிக் கொடுத்தேன்.

நான் அஞ்சல் வழியில் பி.காம். சேர்ந்தேன். பாடங்கள் பழுப்பு உறையில் வந்தன. அப்பாவைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, அவர் கண்ணயர்ந்த பிறகு படிப்பேன். சீக்கிரம் தூங்கிவிட மாட்டாரா என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். அப்படி நினைப்பது எனக்கே அருவருப்பாக இருக்கும்.

பரீட்சை நாட்களில் அடுத்த வீட்டு டீச்சரம்மா வந்து அப்பாவோடு இருப்பதாக ஏற்பாடு. இரண்டு பரீட்சைகள் அப்படி முடிந்தன. மூன்றாவது நாள் காலையில் ஈரத் தலையோடு வாசலில் வந்து நின்றார்.

“மவளுக்கு வலி கண்டுட்டும்மா. ஆஸ்பத்திரிக்குப் போறேன். நான் என்ன செய்யது?”

அவர் போனதும் ஹால் டிக்கெட்டை மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். கட்டிலிலிருந்து அப்பா ஏதோ சொன்னார். கோணிய வாயிலிருந்து வரும் அந்தப் பேச்சு எனக்கு மட்டும்தான் விளங்கும்.

“பூட்டிட்டுப் போ.”

“தண்ணி வேணும்னா யாருப்பா தருவா?”

“கேக்க மாட்டேன். போ.”

இடது கைக்கு எட்டும்படி ஒரு டம்ளரில் தண்ணீர் வைத்துவிட்டுப் பூட்டினேன். பஸ், ரயில் ஜங்ஷனையொட்டிய ஈரடுக்குப் பாலத்தில் ஏறும்போது இறங்கிவிடலாமா என்று எழுந்தேன். மறுபடி உட்கார்ந்தேன். பரீட்சையில் ஒரு கணக்கின் எண்களை அடுத்த கணக்கில் எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரம் மீதி இருக்கும்போதே தாளைக் கட்டினேன்.

“ஏம்மா எந்திரிக்க? இன்னும் நேரங் கெடக்கே,” என்றார் மேற்பார்வையாளர். தாளை அவர் கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.

கதவைத் திறந்தபோது அப்பா தரையில் கிடந்தார். வேட்டி நனைந்திருந்தது. கன்னம் சிமெண்டுத் தரையில் அழுந்திச் சிவந்திருந்தது. தூக்கி உட்காரவைத்து, எப்போது விழுந்தீர்கள் என்று கேட்டேன்.

“எல்லாம் எழுதிட்டியா?”

“எழுதிட்டேம்பா.”

அந்தத் தாளில் தோற்றேன். தம்பிக்கு எழுதிய கடிதங்களில் இது எதையும் எழுதவில்லை. எழுதினால் அழுவான். அழுதுவிட்டு மறுநாள் வழக்கம்போல் கல்லூரிக்குப் போவான்.

மூன்று வருடப் படிப்பை ஆறு வருடத்தில் முடித்தேன். பட்டச் சான்றிதழ் தபாலில் வந்த அன்று அப்பா அதை இடது கையால் வெகுநேரம் தடவினார்.

“வேலைக்குப் போவியா?”

“போவேம்பா.”

அப்போது வீட்டில் யார் இருப்பது என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அதன் பிறகு அவர் மூன்று வருடம் இருந்தார்.

சான்றிதழ் வந்த அடுத்த மாதமே எம்.காமுக்கு விண்ணப்பம் வாங்கினேன். அதுவும் அஞ்சல் வழிதான். ‘செய்யும் பணி’ என்று ஓர் இடம் விட்டிருந்தார்கள். அப்பாவுக்குச் சோறு ஊட்டிவிட்டு வந்து, ‘இல்லை’ என்று எழுதினேன்.