கடப்பாரையைக் கீழே வைத்தவர்கள்

விழுப்புரம் ஸ்டேஷனுக்கு எதிர்ச் சந்தில் இருந்த அந்த மாடிக் கட்டடத்தை நாங்கள் எல்லாரும் பாய் வீடு என்றுதான் சொல்வோம். வெள்ளைக்காரன் காலத்தில், ரயில்வேயில் வேலை பார்த்தவர்கள் குடும்பத்தோடு தங்கட்டும் என்று வாடகைக்கு விடுவதற்காகவே கட்டியது. இரண்டு கை அகலத்துக்குச் சுண்ணாம்புச் சுவர். மேலே தேக்கு உத்திரம். கோடை வெயிலில் உள்ளே நுழைந்தால் கிணற்றுக்குள் இறங்கினது போல இருக்கும். கீழும் மேலுமாகப் பன்னிரண்டு குடித்தனம். கல்யாணமான நாளிலிருந்து நானும் என் மனைவியும் கீழ்ப்பகுதியில் குடியிருந்தோம்.

நான் வயர்மேன். பள்ளிக்கூடம் எட்டாவதோடு சரி. அதற்கு மேல் நான் கற்றுக்கொண்டதெல்லாம் ஏணியில் நின்றுகொண்டு கீழே ஜனங்கள் பேசுவதைக் கேட்டுக் கற்றுக்கொண்டதுதான். மனிதர்கள் வாயிலிருந்து வரும் ஒரு நல்ல வார்த்தைக்காக மத்தியானச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டிருக்கிறேன்.

வீட்டுக்காரரான பாய் கோட்டக்குப்பத்துக்காரர். பிள்ளைகள் எல்லாம் வளைகுடா நாட்டில். கட்டடத்தை விற்கிறேன் என்பதை அவர் யாரிடமும் சொல்லி அனுப்பவில்லை. வயதான காலத்தில் தானே படியேறி, ஒவ்வொரு வாசலிலும் நின்று சொன்னார். என்னிடம், "பசங்க அங்கயே வூடு கட்டிக்கினானுங்க. இத வந்து பாத்துக்க ஆள் இல்லப்பா. எனக்கு அப்புறம் நாலு பேரு சண்டை போட்டுக்கினு பூட்டு போடுவாங்க. அதுக்கு இது தேவல. நீ மனசுல வெச்சிக்காத" என்றார். நான் அவருக்கு நாற்காலி போட்டேன். உட்காரவில்லை. இன்னும் பத்து வாசல் இருந்தது அவருக்கு.

வாங்கிய கம்பெனி கட்டடத்தை முழுக்க இடிக்கப்போவதில்லை. முன்பக்கத் தூண்களும் வளைவுகளும் அப்படியே இருக்கும். உள்ளே மட்டும் சுவர்களை எடுத்துவிட்டு, இரண்டு குடித்தனம் ஒன்றாகி, லிஃப்டும் ஏசியுமாகப் பெரிய பெரிய சொகுசு வீடுகள் வரும். வாசலில் ஒரு படம் மாட்டினார்கள். அதில் எங்கள் கட்டடம் பட்டுப்புடவை கட்டினது மாதிரி இருந்தது. எதிர்வீட்டு இட்லிக்கார அம்மா அதைப் பார்த்துவிட்டு, "மூஞ்ச மட்டும் வெச்சிக்கினு ஒடம்ப மாத்தறாங்க" என்றாள். அதற்குமேல் யாரும் அதைப்பற்றிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஒவ்வொரு குடும்பமாகப் போனார்கள். நாங்களும் பின்தெருவில் ஒரு வீடு பார்த்துக்கொண்டு போனோம். பழைய வயர்களைக் கழற்றும் வேலையைக் கம்பெனி எனக்கே கொடுத்தது. எந்தச் சுவருக்குள் எந்த வயர் போகிறது என்பது எனக்குத் தெரியும், அவ்வளவுதான். அப்படித்தான் காலி செய்த பிறகும் தினமும் அங்கே போய்க்கொண்டிருந்தேன்.

காலி செய்யாமல் இருந்தது ஒரே குடித்தனம். மாடிக் கோடியில் இருந்த கண்டக்டர் குடும்பம். அவர் விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் ஓடும் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். அவர் மனைவி ஆறு மாதம். அவளுக்கு அது மூன்றாவது. முதல் இரண்டும் வயிற்றில் தங்கவில்லை. படுக்கையை விட்டு அதிகம் எழுந்திருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வீடு மாற்றுவது பற்றிப் பேச்சு வந்தபோது என் மனைவி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். "வயித்துப் புள்ளையோட வாசப்படி மாத்துவாங்களா? இன்னா பேச்சு இது?"

எங்கள் பக்கத்தில் இது எல்லாருக்கும் தெரிந்த முறை. வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அந்த வீட்டில் சுவர் இடிக்க மாட்டார்கள். ஆணிகூட அடிக்க மாட்டார்கள். வீடும் மாற மாட்டார்கள். பிள்ளைக்கு ஆகாது என்பார்கள். நம்புகிறவர், நம்பாதவர் என்று இதில் கிடையாது. ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது என்று எல்லாருமே கையைக் கட்டிக்கொள்வார்கள்.

இடிக்கும் ஆட்கள் கெடாரிலிருந்து வந்தார்கள். மேஸ்திரி நல்ல உயரம். குரல் மட்டும் சின்னது. முதல் நாள் வாசலில் சூடம் கொளுத்தி, பூசணிக்காய் உடைத்து, கடப்பாரைக்குச் சந்தனம் பூசினார்கள். அந்த நேரம் பார்த்து, சத்தம் கேட்டுக் கண்டக்டர் மனைவி மாடிக் கைப்பிடியருகே வந்து நின்றாள். ஒரு கை இடுப்பில், ஒரு கை சுவரில். மேஸ்திரி அண்ணாந்து பார்த்தார். பிறகு கடப்பாரையைச் சுவரோரமாகக் கீழே படுக்கவைத்தார். அவருடைய ஆட்கள் ஒருவர்பின் ஒருவராகக் கையிலிருந்ததைக் கீழே வைத்தார்கள்.

கம்பெனி இன்ஜினியர் சென்னைப் பையன். நல்ல மாதிரி. ஓடி வந்தார்.

"என்ன மேஸ்திரி, நல்ல நேரம் போகுது."

"மேல புள்ளத்தாச்சி கீறாங்க சார். எங்களால ஆவாது."

"அவங்க இருக்கறது மாடில, கடைசி யூனிட். நீங்க ஆரம்பிக்கறது கீழ, முதல் யூனிட். நடுவுல எவ்வளவு தூரம் இருக்கு!"

"உங்களுக்கு அது யூனிட்டு சார். எங்களுக்கு இது ஒரே வூடு. ஒரே கூரை, ஒரே அஸ்திவாரம். இங்க கை வெச்சா அங்க வெச்ச மாதிரிதான்."

சித்தாள் வேலைக்கு வந்த ஒரு பெண் பின்னாலிருந்து, "எங்க வூட்லயும் மருமவ மாசமா கீறா சார். நான் இங்க இடிச்சிட்டு அங்க போய் அவ மூஞ்ச எப்படிப் பாக்கறது?" என்றாள்.

இன்ஜினியர் தலையில் கை வைத்துக்கொண்டார். "எங்கம்மா இங்க இருந்தா அவங்களும் இதைத்தான் சொல்வாங்க. ஆனா ஆபீஸ்ல நான் என்னன்னு எழுதறது?"

"மழைன்னு எழுதுங்க சார்" என்றார் மேஸ்திரி. வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. இன்ஜினியரே சிரித்துவிட்டார்.

கையால் கழற்றும் வேலையாகப் பார்த்துச் செய்தார்கள். கதவு, ஜன்னல், கொக்கி, கீல். சுத்தியல் சத்தமில்லாமல் திருகித் திருகி எடுத்தார்கள். அதுவும் தீர்ந்துபோயிற்று. ஆட்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள், கூலி இல்லாமல். கம்பெனியிலிருந்து போன்மேல் போன். இவர்களை விட்டுவிட்டு வேறு ஊர் ஆட்களைக் கூட்டிவருகிறோம், மெஷின் கொண்டுவருகிறோம் என்று பேச்சு வந்தது. ஜன்னல் இல்லாத அந்தக் கட்டடத்தில், புழுதிக் காற்றுக்கு நடுவே அவள் ஒருத்தி படுத்திருந்தாள். இருந்தாலும் ஆபத்து, போனாலும் ஆபத்து.

ஒரே ஒரு வழிதான் இருந்தது. ஏழாம் மாதம் வளையல் போட்டுத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போகலாம். அது வீடு மாறுவதில் சேராது. ஆனால் அவளுக்குத் தாய் இல்லை. திண்டிவனத்தில் அண்ணனும் அண்ணியும்தான். இரண்டாவது பிள்ளை கலைந்தது அந்த வீட்டில், அண்ணி கையில். அதற்குப் பிறகு அண்ணி வரவில்லை. போனும் இல்லை.

ஏழு மாதம் தொடங்கியதும் கண்டக்டரோடு நானும் ஒரு நாள் திண்டிவனம் போனேன். ஊருக்கு வெளியே, ஏரிக்கரையை ஒட்டிய வீடு. அண்ணி வாசலில் குந்திக்கொண்டு விதைக்கு மல்லாட்டைக் கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் முறத்தை நகர்த்தி இடம் விட்டாள். முகம் நிமிரவில்லை.

நான் பேச்சுக்காரன் என்று பெயர் வாங்கியவன். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததை எல்லாம் பேசினேன். அவள் உடைத்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் சொன்னாள்:

"அண்ணா, நீங்க நல்லாதான் பேசறீங்க. ஆனா போன தடவ இன்னா நடந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியாது. ராத்திரி பகலா நான்தான் பாத்துக்கினேன். ஆனா தெருவுல இன்னா சொன்னாங்க? அண்ணிக்காரி இன்னாத்த குடுத்தாளோன்னு. என் காதுபடவே சொன்னாங்க. இதுவும் இங்க வந்து ஏதாச்சும் ஆச்சுன்னா நான் நாண்டுக்கினுதான் சாவணும்."

கண்டக்டர் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணி இன்னும் ஒரு கை மல்லாட்டையை அள்ளி முறத்தில் போட்டாள். பிறகு அவளே கேட்டாள், "இப்ப அங்க எப்படி கீறா? வேலை நடக்குதா?"

"நடக்கலம்மா. மேஸ்திரி கடப்பாரையை எடுக்க மாட்டேன்ட்டாரு. ஆளுங்க கூலி இல்லாம குந்திக்கினு இருக்காங்க."

"யாரு சொல்லி?"

"யாரும் சொல்லல. இவரு சம்சாரம் மாசமா இருக்கறதப் பாத்துட்டு அவங்களே."

அவள் கை நின்றது. "யாரோ எவரோ, கூலிக்கு வந்தவங்க" என்றாள். பிறகு, "சொந்தக்காரங்களா?"

"கெடாரு ஆளுங்க. இவங்க பேர்கூட அவங்களுக்குத் தெரியாது."

முறத்தைத் தட்டி வைத்துவிட்டு உள்ளே போனாள். போனவள் போனவள்தான் என்று நினைத்தேன். கையில் காப்பியோடு வந்தாள். கொடுத்துவிட்டு, கண்டக்டரைப் பார்த்து முதல்முறையாகப் பேசினாள். "வெள்ளிக்கெழம நாள் நல்லாகீது. நான் வளையல் வாங்கிக்கினு வர்றேன். பழி வந்தா வரட்டும்."

வெள்ளிக்கிழமை அந்தக் கட்டடத்தின் மாடி நடையில்தான் வளைகாப்பு நடந்தது. காலி செய்து போன பெண்கள் வளவனூரிலிருந்தும் வேறு ஊர்களிலிருந்தும் திரும்பி வந்தார்கள். பாயும் ஒரு கூடை பழத்தோடு வந்து கீழேயே நின்றுகொண்டார். என் மனைவி புளிசாதமும் தயிர்சாதமும் கிளறினாள். கதவில்லாத வீடுகளுக்கு நடுவே கண்டக்டர் மனைவியை நாற்காலியில் உட்காரவைத்துச் சந்தனம் பூசினார்கள். அண்ணி முதல் வளையலை எடுத்தவள் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். அவள் அண்ணி கையைப் பிடித்துக்கொண்டு, "போடுங்க அண்ணி" என்றாள். மேஸ்திரியும் ஆட்களும் தெருவில் நின்று சாப்பிட்டார்கள். மேலே வரச் சொன்னதற்கு, "நாங்க இடிக்க வந்தவங்க, விசேஷத்துல எதுக்கு" என்றார் மேஸ்திரி.

சாயங்காலம் அவளை ஏற்றிக்கொண்டு கார் திண்டிவனம் போயிற்று. மறுநாள் ஆட்கள் வந்தார்கள், ஆனால் தொடவில்லை. அவள் திண்டிவனத்து வாசலைத் தாண்டி உள்ளே போய்விட்டாள் என்று நான் அண்ணியிடமே கேட்டுச் சொன்ன பிறகுதான் மேஸ்திரி கடப்பாரையை எடுத்தார். முதல் அடி கீழ்ப்பகுதியில், எங்கள் சமையலறைச் சுவரில். நான் தெருவுக்கு வந்துவிட்டேன்.

அன்று மத்தியானமே அண்ணி எனக்குத் தனியாகப் போன் செய்தாள். "இடிக்க ஆரம்பிச்சது அவளுக்குத் தெரிய வேணாம்ணா. அது அவ வூடு. பெத்துக்கினு திரும்பி வர்ற வரைக்கும் அவ மனசு அங்கதான் குந்திக்கினு இருக்கும். டாக்டரும் எதுவும் காதுல போட வேணாம்னு சொல்லிக்கீறாரு."

மேஸ்திரியிடம் சொன்னேன். தலையை ஆட்டினார்.

அதன்பிறகு தினமும் மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரத்துக்கு கண்டக்டர் மனைவியிடமிருந்து போன் வரும். புருஷன் பஸ்ஸில் இருப்பார், எடுக்க மாட்டார். எனக்குத்தான் செய்வாள். போன் அடித்ததும் நான் கையைத் தூக்குவேன். மேலே ஒருவர் பார்த்துக் கீழே சைகை காட்டுவார். சுத்தியல் நிற்கும், மண் சுமக்கும் சட்டி நிற்கும், செங்கல் கைமாறுவது அப்படியே பாதியில் நிற்கும். பிறகு வந்த மெஷினைக்கூட ஓட்டுகிறவர் நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் கை வைத்துக்கொண்டு காத்திருப்பார். இன்ஜினியர் முதலில் எரிச்சல்பட்டார். பிறகு அவரே, "போன் வந்துடுச்சா?" என்று கேட்டுவிட்டு நிழலில் ஒதுங்கிக்கொள்வார்.

"அண்ணா, நம்ம வூடு நிக்குதா?"

"நிக்குதும்மா."

"மேஸ்திரி இன்னா பண்றாரு?"

"சும்மாதான் குந்திக்கினு இருக்காரு." அது அந்த நிமிஷத்துக்கு உண்மையாகத்தான் இருந்தது. இல்லாத ஒரு வீட்டைப் பற்றி அவளிடம் நான் பேசிக்கொண்டிருப்பேன். மாடி நடையில் வெயில் விழுகிறது என்பேன். அந்த நடையே அப்போது இல்லை. என் காலடியில் அதன் செங்கல் குவிந்துகிடக்கும்.

பிள்ளை திண்டிவனத்து ஆஸ்பத்திரியில் பிறந்தது. பெண். எடை கம்மி என்று சில நாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். பிழைத்துக்கொண்டது. வீட்டுக்கு வந்த பிறகு நானும் என் மனைவியும் பார்க்கப் போனோம். அண்ணி பிள்ளையைத் தன் மடியிலேயே வைத்திருந்தாள். யார் கேட்டாலும் தருவதற்கு ஒரு யோசனை யோசித்துவிட்டுத்தான் தந்தாள்.

சுற்றி வளைத்து, கண்டக்டர் வளவனூரில் வீடு பார்த்திருக்கிற விஷயத்தை என் மனைவி ஆரம்பித்தாள். பிள்ளை பெற்றவள் குறுக்கிட்டாள்.

"எனக்குத் தெரியும்க்கா."

"இன்னா தெரியும்?"

"இடிச்சிட்டாங்கன்னு. மொத நாள் போன்லயே தெரியும். நம்ம வூட்ல எப்பக்கா அவ்ளோ அமைதி இருந்துச்சு? ஸ்டேஷன் சத்தம் மட்டும்தான் கேட்டுச்சு."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. என் மனைவிதான் கேட்டாள். "தெரிஞ்சிக்கினு ஏன்டி தெனமும் கேட்டுக்கினு இருந்த?"

"நான் பேசற வரைக்கும் கை வெக்க மாட்டாங்க இல்லக்கா. அந்தக் கொஞ்ச நேரம் நிக்கட்டும்னுதான்."

அண்ணி அவளையே பார்த்தாள்.

அப்போது என் போன் அடித்தது. மேஸ்திரி. குழந்தையைப் பார்த்தாயிற்றா, தாய் எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். அவர் பின்னால் ஒரு சத்தமும் இல்லை. நாங்கள் இங்கே வந்திருப்பது தெரிந்து, பேசுவதற்கு முன்பே எல்லாரையும் நிறுத்திவிட்டிருக்கிறார். அவள் கையை நீட்டினாள். போனைக் கொடுத்தேன்.

"அண்ணா, நான்தான் பேசறேன். நாங்க ரெண்டு பேரும் நல்லாகீறோம். இனிமே நிறுத்தாதீங்க. வேலையப் பாருங்க."

அவர் என்ன சொன்னாரோ, எங்களுக்குக் கேட்கவில்லை. அவள் போனைக் காதிலிருந்து எடுக்காமல் வைத்துக்கொண்டிருந்தாள். சற்று நேரத்தில் சுத்தியல் சத்தம், ஒன்று, பிறகு சேர்ந்தாற்போல் பல. அறையில் எல்லாருக்கும் கேட்டது. குழந்தை தூக்கத்தில் ஒருதரம் உதறிக்கொண்டது. அண்ணி அதன் காதைத் தன் உள்ளங்கையால் மூடினாள். பிள்ளையின் தாய் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுப் போனை என்னிடம் கொடுத்தாள்.