இரட்டையாகத் தெரிந்த வேலி

கிர்கிஸ் மலையூரான தெரெக்-பெல்லின் மழலையர் பள்ளியில் சாய்ரகன் பன்னிரண்டு ஆண்டுகளாகப் பாட்டும் படமும் சொல்லிக்கொடுத்து வந்தாள். கணவன் ரஷ்யாவில் கட்டட வேலையில் இருந்தான். பிள்ளைகள் இல்லை. கிர்கிஸ் மொழியில் குழந்தைகளுக்குக் கார்ட்டூன் செய்ய ஆள் வேண்டுமென்று ஒரு தொண்டு நிறுவனத்தார் அவளை ஓஷ் நகரத்துக்கு அழைத்து, மூன்று வாரம் பயிற்சி கொடுத்து, ஒரு மடிக்கணினியோடு திருப்பி அனுப்பினார்கள். அப்போது அவளுக்கு முப்பத்தெட்டு வயது.

ஊருக்கு வந்து அதைத் திறந்தபோது கற்றதில் பாதி மறந்திருந்தது. திரையின் எழுத்துகள் ஆங்கிலத்தில் இருந்தன. அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. ஒவ்வொரு பொத்தானாக அமுக்கிப் பார்த்து, அது என்ன செய்கிறதென்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள். அடியில் நீளமாக ஓடும் கட்டங்களில் ஒரு கட்டத்துக்கு ஒரு படம். இடது ஓரத்தில் வரிசைக்கு ஒரு கண் பொத்தான், ஒரு பூட்டுப் பொத்தான். முதல் வாரம் தெரியாமல் கண்ணை அமுக்கிவிட்டாள். வரைந்து வைத்திருந்த ஆட்டுக்கிடா மறைந்துபோயிற்று. அரை நாள் உட்கார்ந்து மறுபடி வரைந்தாள். பிறகு அதே கண்ணில் கை பட்டபோது மறைந்திருந்ததும் திரும்பி வந்து, இரண்டு கிடாக்கள் நின்றன. தனக்குத் தானே சிரித்துக்கொண்டாள்.

கிடா நடக்கும்போது பின்னால் பனி உருகிப் புல் முளைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். அதற்காகச் சமையலறை ஜன்னல் கட்டையில் ஒரு மரத்துண்டை ஆணியடித்து, அதில் கைபேசியைப் பொருத்தி, தினமும் காலையில் பால் கறந்து முடித்ததும் எதிர் மலைச்சரிவை ஒரு படம் எடுத்தாள். சரிவின் அடியில் ஏழு வீடுகள். முதல் வீடு அவள் கொழுந்தன் டோப்சுபாயுடையது.

ஏப்ரல் பாதியில் நாற்பத்தொரு படங்கள் சேர்ந்தன. எல்லாவற்றையும் கட்டங்களில் வரிசையாகப் போட்டாள். கிடாவின் காலைச் சரிசெய்ய ஒரு பொத்தான் வேண்டியிருந்தது. பயிற்சியில் அதை வெங்காயத் தோல் என்பார்கள். முந்தைய படத்தை மங்கிய சிவப்பிலும், அடுத்த படத்தை மங்கிய பச்சையிலும், இப்போதைய படத்தின்மேல் போர்த்திக் காட்டும். அமுக்கினாள்.

கிடாவுக்குப் பின்னால், மலை மேலிருந்த வைக்கோல் போரைச் சுற்றிய வேலி இரண்டாகத் தெரிந்தது.

கைபேசி நழுவியிருக்கும் என்று முதலில் நினைத்தாள். ஆனால் நழுவியிருந்தால் எல்லாமே இரண்டாகத் தெரிய வேண்டும். ஓடைக்கு இந்தப் பக்கத்து மின்கம்பம் ஒன்றாகவே இருந்தது. பள்ளியின் தகரக் கூரையும் ஒன்றாகவே இருந்தது. கட்டங்களின் மேலிருந்த அடைப்புக்குறியைப் பிடித்து, முதல் நாள் படமும் நிழலாக விழும்படி இழுத்தாள். வேலி, இரண்டு வாதுமை மரங்கள், கல்லால் கட்டிய ஆட்டுப்பட்டி எல்லாம் சிவப்பு நிழல்களாக மேலே நின்றன. அவற்றின் அசல்கள் கீழே இறங்கியிருந்தன.

எழுந்து ஜன்னலைத் திறந்து மலையைப் பார்த்தாள். புல், வெயில், மேயும் குதிரைகள். ஒன்றும் வித்தியாசமாக இல்லை.

டோப்சுபாயைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"அண்ணி, ஆட்டை ஆட்டறேன்னு போயி இப்ப மலையையே ஆட்டறீங்களா?" என்றான் அவன்.

"விளையாடாதடா. கம்பம் நகரல, வேலி மட்டும் நகர்ந்திருக்கு பாரு."

"வேலி கட்டினது நான். குடிச்சிட்டுக் கட்டினேன். அது நேரா நின்னாத்தான் அதிசயம்."

"மரத்தையும் நீதான் குடிச்சிட்டு நட்டியா?"

அவன் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தான். சிரிப்பு குறைந்தது. "சினைப் பசுவை வச்சுக்கிட்டு எங்க போறது அண்ணி? கன்னு போடட்டும், பார்ப்போம்" என்று தேநீரைக் குடித்துவிட்டுப் போனான்.

ஊர்த் தலைவர் எசென்குலிடம் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

"போன இலையுதிர் காலத்துலதான் மாவட்டத்து ஆளுங்க வந்து மலையைப் பார்த்துட்டுப் போனாங்க. கொழந்தைங்களுக்குப் படம் போடறது உன் வேலை சாய்ரகன். மலையை அவங்க பார்த்துக்குவாங்க" என்றார்.

"அவங்க பார்த்தப்ப பனி விழுந்திருக்கல அண்ணே."

அவர் மாவட்ட அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினார். அடுத்த வாரம் ஆள் வரும் என்றார்கள்.

மழை பிடித்துக்கொண்டது. சாய்ரகன் படம் எடுப்பதை நிறுத்தவில்லை. திரையில் வேலிக்கும் அதன் நிழலுக்கும் நடுவே முன்பு தீக்குச்சி அகலம்தான் இருந்தது. மழையின் மூன்றாம் நாள் ஒரு விரல் அகலமானது. நான்காம் நாள், ஒரே இரவு இடைவெளியில், இரண்டு விரல்.

நேராக டோப்சுபாய் வீட்டுக்குப் போனாள். அவன் மனைவி ஊல்கன் வாசலில் கதவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"மூணு நாளா மூட மாட்டேங்குது அக்கா. மழையில மரம் ஊறிப்போச்சுன்னு அவரு சொல்றாரு" என்றாள்.

சாய்ரகன் கதவின் நிலையைத் தொட்டுப் பார்த்தாள். மரம் காய்ந்திருந்தது, நிலைதான் கோணியிருந்தது. சுருக்கமாக விஷயத்தைச் சொன்னாள். ஊல்கன் எதிர்க்கேள்வி கேட்கவில்லை.

ஊரைக் கிளப்பினால் ஆண்கள் கேலி செய்வார்கள் என்று இருவருக்கும் தெரியும். ஆகவே ஏழு வீட்டுக்கும் போய், "கார்ட்டூனுக்கு ஆடு கத்தற குரல் வேணும், எல்லாக் கொழந்தைங்களையும் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டு வாங்க, நீங்களும் வாங்க" என்று அழைத்தார்கள். மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் பதினேழு குழந்தைகள், அம்மாக்கள் எல்லாரும் ரொட்டி மூட்டைகளோடு ஓடையைத் தாண்டி வந்து சேர்ந்தார்கள். ஆண்களில் மூன்று பேர் வேடிக்கை பார்க்க வந்தார்கள். மற்றவர்கள் வெளியூர் வேலைக்குப் போயிருந்தார்கள். ஊரில் இருந்தவர்களில் டோப்சுபாய் மட்டும் வரவில்லை.

குழந்தைகள் கத்திக்கொண்டிருந்தபோதுதான் மலையில் குதிரைகள் ஓடுவதைச் சாய்ரகன் பார்த்தாள். குதிரைகளுக்குப் பின்னால் புல்தரை ஒரு கம்பளத்தைப்போல மடிந்தது. சத்தம் அதற்கப்புறம்தான் வந்தது.

ஐந்து வீடுகள் மஞ்சள் மண்ணுக்கடியில் போயின. டோப்சுபாய் தொழுவத்தில் பசுவின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்திருக்கிறான். மூன்றாம் நாள்தான் அவனை எடுத்தார்கள். கயிறு கையில் இருந்தது.

ஊல்கனும் பிள்ளைகளும் சாய்ரகன் வீட்டுக்கு வந்தார்கள். முதல் மாதம் ஊல்கன் அந்த மடிக்கணினி இருக்கும் அறைக்குள் நுழையவே இல்லை. பிறகு ஒருநாள் வந்து நின்று, "அவர் எந்தப் படத்திலாவது இருக்காரா அக்கா?" என்று கேட்டாள். முப்பத்தாறாவது படத்தில் முற்றத்தில் ஒரு புள்ளி இருந்தது. அது அவன்தானா என்று யாராலும் சொல்ல முடியாது. ஊல்கன் அவன்தான் என்றாள். சாய்ரகன் அந்தப் படத்தைத் தனி வரிசையில் வைத்து, கை தவறியும் மாறாதபடி பூட்டினாள்.

கிடாக் கார்ட்டூன் முடியவே இல்லை. எசென்குல் பல நாள் அவளைப் பார்க்கும்போது கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். கடைசியில் ஒருநாள் அவரே பள்ளத்தாக்கின் மற்ற ஊர்களுக்குச் சொல்லியனுப்பி, ஜன்னல் கட்டையில் கைபேசி பொருத்தி மலையைப் படம் எடுக்கவைத்தார். மூன்று ஊர்களிலிருந்து படங்கள் வாரம் ஒருமுறை சாய்ரகனுக்கு வந்தன. முதல் இரண்டிலும் எல்லாம் ஒன்றாகவே இருந்தது.

அக்டோபரில், மழை தொடங்கிய வாரம், மூன்றாவது ஊரின் படங்களைக் கட்டங்களில் போட்டு வெங்காயத் தோலை அமுக்கினாள். கல்லறைத் தோட்டத்துச் சுவர் இரண்டாகத் தெரிந்தது. அந்த ஊரில் அவளுக்கு யாரையும் தெரியாது. படங்களை அனுப்பும் பெண்ணின் எண் மட்டும் இருந்தது. அழைத்தாள்.

"நான் தெரெக்-பெல்லுலேர்ந்து பேசறேன் தங்கச்சி. உங்க வீட்டுக் கதவு ஒழுங்கா மூடுதா?" என்று கேட்டாள்.

மறுமுனையில் அந்தப் பெண் எழுந்து போவதும், கதவு நிலையில் இடித்து நிற்பதும், மறுபடி இடிப்பதும் கேட்டன.