வாய்விட்டுக் கேட்ட விண்ணப்பம்

ஆண்டவருக்குள் என் சகோதரிகளே, உங்கள் எல்லோருக்கும் அன்பின் வணக்கம். இந்த வயதில் இதை எழுத எனக்கு வெட்கமில்லை. அந்த நாளில் இருந்தது. நிறையவே இருந்தது.

1964. திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு வாடகை வீடு. என் வீட்டுக்காரர் ரயில்வேயில் கூட்ஸ் கிளார்க். மகள் கிருபா பிறந்து உடம்பு தேறாமல் கிடந்த எனக்கு, "ரெண்டு ஸ்பூன் குடிம்மா, ரத்தம் ஊறும்" என்று யாரோ அரிஷ்டம் வாங்கிக் கொடுத்தார்கள். நாட்டு மருந்துதான், ஆனால் புளிக்கவைத்தது, போதை உண்டு. குடித்தால் இடுப்பு வலி தெரியாது. தூக்கம் வரும். ரெண்டு ஸ்பூன் அரை டம்ளர் ஆனது. குழந்தை தவழத் தொடங்கியபோது நாளுக்கு ஒரு பாட்டில் போதவில்லை. மதுவிலக்குக் காலம் அது. சாராயம் விற்றால் ஜெயில். அரிஷ்டமோ மருந்துக்கடை அலமாரியில் வரிசையாக நிற்கும். நான் குடிகாரி இல்லை, மருந்து சாப்பிடுகிறவள் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன்.

ஒருநாள் பட்டப்பகலில் குடித்துவிட்டுத் தூங்கிவிட்டேன். கிருபா தவழ்ந்தே கிணற்றடிக்குப் போய்விட்டாள். பக்கத்து வீட்டு அம்மா தூக்கி வந்து என்னை எழுப்பியிருக்கிறார். நான் எழுந்திருக்கவில்லை. தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. அந்த வாரமே சிதம்பரத்திலிருந்து என் நாத்தனார் வந்து இறங்கினார். அவர் கணவருக்கு யுனிவர்சிட்டி ஆபீசில் வேலை, அண்ணாமலை நகரில் குவார்ட்டர்ஸ்.

"புள்ள உன் கையில பொழைக்காது எஸ்தரு. நீ மொதல்ல மனுஷியா ஆவு, அப்பறம் பாக்கலாம்" என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டார்.

என் வீட்டுக்காரர் தடுக்கவில்லை. வண்டி தெருமுனை திரும்பும்வரை கிருபா என்னைப் பார்த்துக் கை நீட்டி அழுதாள். பால் கட்டி மார்பு வலித்தது. அதற்கும் குடித்தேன்.

ஒரு ஆஸ்பத்திரிக்குப் போய் உண்மையைச் சொல்லிப் பார்த்தேன். அங்கிருந்த நர்ஸ் அம்மா க்யூ முழுக்கக் கேட்கும்படி, "இன்னாது, பொம்பள நீ குடிக்கிறியா? இதுக்கு இங்க இன்னா மருந்து?" என்றார். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

மிச்சம் இருந்தது எங்கள் சபைப் பெண்களின் புதன்கிழமை ஜெபக்கூட்டம்தான். அதை நினைத்தால் இன்றும் மனசு இளகிவிடுகிறது. கோயிலுக்குப் பின்னால் ஹால், கோரைப்பாய், கெடிலம் ஆற்றுப் பக்கமிருந்து வரும் காற்று, யார் வீட்டிலிருந்தாவது வந்த பலாச்சுளை. போதகரின் மனைவியை ஐயரம்மா என்போம். ஜெபத்துக்கு வந்தீர்களா, ஊர்க்கதைக்கு வந்தீர்களா என்று கேலி செய்வார். எப்பேர்ப்பட்ட நாட்கள்!

அங்கே ஒவ்வொருவரும் தன் விண்ணப்பத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். "எங்க வூட்டுக்காரரு குடிய விடணும்" என்று வாராவாரம் யாராவது சொல்வார்கள். உருகி உருகி ஜெபிப்போம். புருஷன் குடித்தால் அது ஜெபக்குறிப்பு. பெற்றவள் குடித்தால்? அதற்கு அந்த ஹாலில் வார்த்தையே இல்லை. என் முறை வந்தபோது, "தீராத வயித்து வலி" என்றேன்.

சகோதரிகள் என் வயிற்றுக்காகக் கண்ணீரோடு ஜெபித்தார்கள். அதோடு விட்டார்களா? வயிற்றுக்கு நல்லது என்று ஆளுக்கொரு பாட்டில் அரிஷ்டத்தோடு வீடு தேடி வந்தார்கள்! ரோசம்மாக்கா மட்டும் மூன்று பாட்டில். அவர் வீட்டுக்காரர் மதுவிலக்கு ஏட்டு. சவுக்குத்தோப்புகளில் புகுந்து சாராயப் பானைகளை உடைக்கிறவர். ஜன்னலில் அடுக்கியிருந்த பாட்டில்களைப் பார்த்துச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதேன். இல்லாத வியாதிக்கு அல்லவா கடவுளிடம் சுகம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்! மண்டியிட்டு, "ஆண்டவரே, நிஜத்தைச் சொல்ல எனக்குத் தைரியம் தாரும். என் பிள்ளையை என்னிடம் திருப்பித் தாரும்" என்று கதறினேன்.

அடுத்த புதன் சொல்லிவிட்டேன். "வயித்து வலி பொய். நான் குடிக்கிறேன். அரிஷ்டம் இல்லாம என்னால இருக்க முடியல. அதனாலதான் எம் புள்ளைய தூக்கிட்டுப் போயிட்டாங்க."

என் பக்கத்தில் இருந்தவள் தன் குழந்தையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஐயரம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு, "அடுத்த விண்ணப்பம்?" என்றார். அவர் கெட்டவர் இல்லை. என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. எனக்குச் செத்துப் போனால் தேவலை என்று இருந்தது.

"அடுத்தது எனுது" என்று ரோசம்மாக்கா எழுந்தார். "இவளுக்கு மூணு பாட்டில் குடுத்தவ நானு. ஏட்டு பொண்டாட்டி! எனக்காவும் வேண்டிக்குங்க. ரெண்டு பேருக்கும் சேத்தே ஜெபம் பண்ணுங்க."

சொல்லிவிட்டு வந்து என்னை ஒட்டி உட்கார்ந்து, என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்டார் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

அவரே என்னைச் சிதம்பரத்தில் ஒரு லேடி டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டர் திட்டவில்லை. "ஒரேயடியா நிறுத்தினா ஒடம்பு தாங்காதும்மா, இங்கயே படுத்துக்கோ" என்று சேர்த்துக்கொண்டார். உதறல், வாந்தி, கெட்ட கனவு. ரோசம்மாக்கா கஞ்சி ஊட்டினார். புதன்கிழமைப் பெண்கள் முறை வைத்து வந்து போனார்கள். ஐயரம்மா வந்து என் தலையை வாரிப் பின்னிவிட்டார். மன்னிப்பு என்று அவர் சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை.

தேறிய பிறகு மாதாமாதம் கிருபாவைப் பார்க்க ரயிலில் போவேன். கரி எஞ்சின். ஜன்னலோரம் உட்கார்ந்தால் கண்ணில் கரித்தூள் விழும். இப்போது எங்காவது கரிப்புகை வாசனை வந்தாலும் எனக்கு அழுகை வந்துவிடும். அண்ணி, அதாவது என் நாத்தனார், கதவைத் திறந்ததும் "ஊது" என்பார். கிட்டே வந்து என் வாயை முகர்ந்து பார்த்த பிறகுதான் உள்ளே விடுவார். கிருபா அவரை "அம்மா" என்பாள். என்னைக் கண்டால் அவர் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். மானம் போனது. ஆனாலும் ஊதினேன். இந்த வாசல்வரை கொண்டுவந்தீரே ஆண்டவரே என்று சொல்லிக்கொண்டுதான் ஒவ்வொரு தடவையும் ஊதினேன்.

அடுத்த வருடம், மழைக்காலம். தொப்பலாக நனைந்துகொண்டு நின்றேன். கதவு திறந்ததும் வழக்கம்போல வாயைத் திறந்தேன். அண்ணி வேண்டாம் என்று தலையாட்டினார்.

"நனைஞ்சிட்டு நிக்கிறியே, உள்ள வா. ஈரத்த தொடச்சிக்க" என்று துண்டைக் கொடுத்தார். நான் துடைத்து முடித்ததும், தன் இடுப்பிலிருந்த கிருபாவை எடுத்து என் இடுப்பில் வைத்தார். "அவளுக்குச் சளி ஜாஸ்தியா இருக்கு, கஷாயம் குடுத்திருக்கேன். மழ விட்டதும் ரெண்டு பேரும் ஊருக்குப் போங்க. துணிமணியெல்லாம் மடிச்சு வெச்சிட்டேன்."

சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய் அழுதார். அவருக்குக் குழந்தை இல்லை.

அதற்குப் பிறகு நான் ஒரு சொட்டுத் தொடவில்லை. எல்லா மகிமையும் ஆண்டவருக்கே. ரோசம்மாக்காவும் அண்ணியும் அவரிடம் போய்விட்டார்கள். ஆனால் என்னைப் போன்ற ஒருத்தி இன்றும் உங்கள் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பாள். சகோதரி, ஆண்டவரிடம் சொல்லக் கூடாதது என்று எதுவுமே இல்லை. நம்பிச் சொல். அவள் சொல்லக் கேட்கிறவர்களே, அடுத்த விண்ணப்பத்துக்குப் போய்விடாதீர்கள். எங்கோ ஒரு பிள்ளை அவளுக்காகக் காத்திருக்கிறது.