எனக்குச் சீனி வருத்தம் இல்லை

ஓய்வு பெற்ற இரண்டாம் வருடம் என் வலது முழங்கால் நின்றுவிட்டது. முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் இருபத்தாறு வருடம் நின்றே வேலை செய்த கால். எலும்பு மருத்துவர் எக்ஸ்ரேயைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். மூட்டை மாற்றத்தான் வேண்டும், ஆனால் இந்த எடையில் சத்திரசிகிச்சை செய்யமாட்டேன், பதினைந்து கிலோ குறைத்துக்கொண்டு வாருங்கள் என்றார். நடக்க முடியாதவள் எப்படிக் குறைப்பது என்று கேட்கவும் எனக்கு அலுப்பாக இருந்தது.

எங்கள் குடும்ப மருத்துவர் வாரம் ஒருமுறை போடுகிற ஊசியை எழுதித் தந்தார். பசியைக் குறைக்கும், எடை இறங்கும் என்றார். டோர்செட் பார்க்கில் நாங்கள் இருக்கும் மாடிக் கட்டடத்துக்குப் பக்கத்திலேயே மருந்துக்கடை. அங்கே வேலை செய்யும் தமிழ்ப் பெண் கணினியைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அன்ரி, அறுபத்தஞ்சு தாண்டின ஆக்களின்ரை மருந்துக்கு அரசாங்கம் குடுக்கும்தான். ஆனா இந்த ஊசிக்குச் சீனி வருத்தம் இருந்தாத்தான் குடுப்பினம். மெலியிறதுக்கெண்டா இல்லை."

"மெலிஞ்சு வடிவா வாறதுக்கில்லைப் பிள்ளை. கால் ஒப்பரேஷனுக்கு."

"அது அவையின்ரை லிஸ்ற்றிலை இல்லை, அன்ரி."

வேலையில் இருந்திருந்தால் அங்கத்தைய இன்சூரன்ஸ் இதற்குக் கொடுத்திருக்கும். அந்த நாட்களில் நான் நோவுக் குளிசையைப் போட்டுக்கொண்டு ஓடித் திரிந்தேன். சொந்தக் காசில் வாங்கலாமென்றால் எங்கள் ஓய்வூதியத்தில் அது நடக்காது.

அதே ஊசி எங்கள் குளிர்சாதனப் பெட்டியிலேயே இருந்தது. என் கணவருக்குப் பன்னிரண்டு வருடமாக நீரிழிவு. என்னைவிட முப்பது கிலோ குறைந்தவர். பேனா மாதிரி இருக்கும் அந்த ஊசி, நாலு கிழமைக்கு ஒன்று என்று, அவருக்கு மாதா மாதம் அரசாங்கத்தின் செலவில் வந்துவிடும்.

குடும்ப மருத்துவர் எனக்காக அரசாங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதிப் பார்த்தார். பல வாரங்களுக்குப் பிறகு ஒரு பக்கத்தில் மறுப்பு வந்தது. அதைத் தொலைபேசியில் சொல்லும்போது, "உங்கடை சீனி எல்லைக்குக் கிட்டத்தான் நிக்குது. இன்னும் கொஞ்சம் ஏறினா அவையே தந்திடுவினம்," என்றார். பகிடியாகத்தான் சொன்னார். அவர் குரலும் களைத்திருந்தது. அன்று பின்னேரம் என் தேநீரில் மூன்று கரண்டி சீனி போட்டேன். பாதி குடித்ததும் வெட்கமாக இருந்தது. மிச்சத்தைத் தொட்டிக்குள் ஊற்றினேன். இதை யாருக்கும் சொல்லவில்லை.

விட்பியில் இருக்கும் மகள், "நான் வாங்கித் தாறன் அம்மா," என்றாள். அவர்கள் வீடு வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஒரு மாதத்தோடு முடிகிற ஊசியும் இல்லை. வேண்டாம் என்றேன்.

ஒருநாள் காலை என் கணவர் பிரிக்காத ஒரு பேனாவைக் கொண்டுவந்து எனக்கு முன்னால் வைத்தார்.

"இஞ்சரும், பாமசியிலை மாறி ரெண்டு தந்திட்டினம். நீர் இதைப் போடும்."

என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். நான் அதைத் திரும்பப் பெட்டியில் வைத்துவிட்டு இரண்டு நாள் யோசித்தேன். போட்டுவிடலாம் என்றுதான் மனம் சொன்னது. மூன்றாம் நாள் அவர் குளியலறை வாசலில் சுவரைப் பிடித்தபடி நின்றார். கதிரையில் இருத்தி விரலில் குத்திப் பார்த்தேன். வழக்கமாக ஏழு, எட்டில் நிற்கும் சீனி பதினாறு காட்டியது. அந்தப் பேனா எப்படி மிஞ்சியது என்று அப்போதுதான் விளங்கியது.

"எத்தினை கிழமை ஊசி போடேல்லை?"

"நாலு."

"ஏனப்பா?"

"உமக்குத்தானே கால் ஏலாது. நான் சும்மா வீட்டுக்குள்ளை இருக்கிறன்."

எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் சுகமாக இருந்திருக்கும். பக்கத்தில் இருந்து அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு மருத்துவருக்குப் போன் எடுத்தேன். நாலு கிழமை விட்டதால் பழைய அளவில் போடக்கூடாது, சின்ன அளவில் இருந்து திரும்பத் தொடங்க வேண்டும், உடனே கூட்டிக்கொண்டு வாங்கோ என்றார். அவர் பட்டினி கிடந்ததுபோலச் சேர்த்த அந்தப் பேனா இரண்டு பேருக்கும் உதவவில்லை.

மருத்துவரின் அறையில் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். மருத்துவர் கணினிப் பக்கம் திரும்பி எதையோ தேடினார்.

"அஜக்ஸ் பக்கம் வேறை ஒரு சேர்ஜன் இருக்கிறா. எடைக்காக ஆக்களைத் திருப்பி அனுப்பிறேல்லை. ஆனா நிறைய நாள் காத்திருக்க வேணும்."

"முதலே அனுப்பியிருக்கலாமே, டொக்டர்?"

"ஊசி கிடைச்சிடும் எண்டு நானும் நம்பியிருந்தன்."

மகள் வேலைக்கு ஒருநாள் விடுப்புப் போட்டு எங்களைக் காரில் அஜக்ஸுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அந்தப் பெண் மருத்துவர் என் முழங்காலை மடக்கி நீட்டிப் பார்த்தார். எடையால் வரக்கூடிய ஆபத்துகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். தெரிந்துகொண்டு நீங்களே முடிவெடுங்கள் என்றார். கையெழுத்துப் போட்டேன். அடுத்த வருடம் இலை உதிரும் நேரத்தில் சத்திரசிகிச்சைக்குக் கூப்பிடுவார்களாம்.

கணவரின் சீனி மெல்ல இறங்கி வருகிறது. ஊசி போடும் நாளில் நான் பக்கத்தில் நின்று பார்க்கிறேன். நான் வாரத்தில் இரண்டு நாள் சமூக நிலையத்து நீச்சல் குளத்தில் தண்ணீருக்குள் நடக்கிறேன். நாலு கிலோ குறைந்திருக்கிறது. அவர் கரையோரத்து நீள வாங்கில் உட்கார்ந்து, என் துவாயை மடியில் வைத்தபடி நித்திரை கொள்வார். நான் எழுப்ப, இரண்டு பேரும் பஸ்ஸுக்கு நடப்போம்.