முப்பது நாற்காலிச் சங்கம்

என் அக்கா புருஷன் பூட்டு ரிப்பேர்காரர். மாடிப்படிக்கு அடியில், ஒரு ஆள் குனிந்து நிற்கிற அளவுக்குக் கடை. சாவியைத் தொலைத்துவிட்டு வருகிறவர்களுக்கு முதலில் ஒரு சொற்பொழிவு, அப்புறம்தான் சாவி. எனக்கு அவர் அத்தான். மற்றவர்களுக்கு, சங்கத்தில் வைத்த 'பூட்டு' என்பதே பெயராக நிலைத்துவிட்டது.

எங்கள் தெரு மரக்கடை பற்றி எரிந்த அன்று வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிய கூட்டம், தீ அணைந்த பிறகும் கலையவில்லை. வாளியும் கையுமாக நின்றபடியே சேவைச் சங்கம் ஒன்றை ஆரம்பித்துவிட்டார்கள். பல் டாக்டர் தலைவர், அத்தான் செயலாளர். மூடிப்போன சினிமா தியேட்டர் ஒன்று முப்பது நாற்காலிகளைச் சும்மா கொடுத்தது. ஆகவே உறுப்பினர்களும் முப்பது பேர்தான் என்று விதி எழுதினார்கள். அதற்கு மேல் அவர்களுக்கு யோசனை ஓடவில்லை. சங்கத்துக்குள் பெயர் கிடையாது, தொழிலைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்பது தலைவர் உத்தரவு. பெயரைச் சொன்னால் இன்னார் மகன், இன்ன ஆள் என்று பேச்சு வளருமாம்.

சும்மா சொல்லக் கூடாது, உழைத்தார்கள். அடைத்துக்கொண்ட சாக்கடையில் தலைவரே இறங்கினார். படுத்த படுக்கையானவர்கள் வீட்டுக்குக் கட்டிலும் சக்கர நாற்காலியும் கொண்டுபோய்ப் போட்டார்கள். எங்கள் அப்பா கடைசியாகப் படுத்திருந்ததும் சங்கத்துக் கட்டிலில்தான்.

தலைவர் போய்ச் சேர்ந்த பிறகு கூடிய முதல் கூட்டத்தில், வருகை எடுக்கும்போது பழக்கதோஷத்தில் அத்தான் "பல் டாக்டர்" என்று கூப்பிட்டுவிட்டார். பக்கத்து நாற்காலியில் இருந்த தையல்காரர் மெதுவாக, "வந்திருக்கார்" என்றார். பெரிய பெரிய ஆம்பிளைகள் எல்லாம் அழுதார்கள். அன்றிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. இருப்பவர் 'வந்திருக்கேன்' என்பார். போனவருக்காகப் பக்கத்து நாற்காலிக்காரர் 'வந்திருக்கார்' என்பார்.

நல்ல வழக்கம்தான். ஆனால் போனவர் எவரும் நாற்காலியை விடவில்லை. எத்தனை பேரைத் தூக்கிக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாலும் வருகை மட்டும் முழுசாக இருந்தது. பக்கத்தில் மருந்துக்கடை வைத்த புதிதில் ஒரு பெண் இரண்டு தடவை வந்து, தன்னையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டாள். "காலி இடம் இல்லையேம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். அன்றைக்குச் சங்க அறையில் பாதி நாற்காலியில் ஆளே கிடையாது. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"செத்தவங்களுக்கெல்லாம் ஓடி ஓடிப் பதில் சொல்றாரு. நான் உயிரோட கூப்பிட்டா காது கேக்க மாட்டேங்குது. நானும் போய்ச் சேந்தாத்தான் மதிப்பு போல" என்பாள் அக்கா.

போன மழைக்காலத்தில் தையல்காரரும் போனார். மிஞ்சியது அத்தான் ஒருவர்தான். சங்கத்துக்கு அறை கொடுத்திருந்த கட்டிடச் சொந்தக்காரரின் மகன் வந்து, "பெரியவரே, சங்கம்னா ஆள் இருக்கணும். ஆளைக் காட்டுங்க, இல்லன்னா மாசக் கடைசியில அறையைக் கொடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அத்தானுக்குச் சோறு இறங்கவில்லை. என்னிடம் வந்து உட்கார்ந்தார்.

"அறை போனாப் போகுது மச்சான். போனவங்க எல்லாருக்கும் இப்ப நான் 'வந்திருக்கார்'னு சொல்றேன். நாளைக்கு எனக்கு யாரு சொல்லுவா?"

அவரை மருந்துக்கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன். அந்தப் பெண்ணுக்கும் தலை நரைத்துவிட்டது. பழைய கோபம் எதையும் அவள் காட்டவில்லை.

"வர்றேன் அண்ணே. எங்க தெருப் பொண்ணுங்க அஞ்சு பேரையும் கூட்டிட்டு வர்றேன். அந்தச் சக்கர நாற்காலிக்குக் காத்தடிச்சு வெச்சாலே நாலு பேருக்கு உதவும். ஒண்ணே ஒண்ணு, இருக்கிறவங்களை மட்டும் கூப்பிடுங்க. செத்தவங்களுக்குப் பதில் சொல்லணும்னா பொண்ணுங்க பயந்துக்கும்."

"சரிம்மா" என்றார் அத்தான்.

நான் நம்பிவிட்டேன். வீடு திரும்பும் வழியெல்லாம் அவர் வாய்க்குள்ளேயே முணுமுணுத்துக்கொண்டு வந்தார்.

"பேக்கரிக்காரரை எடுத்துடலாமா மச்சான்? கோவிச்சுக்க மாட்டார்." நாலு எட்டு போனதும், "வேணாம், பாவம், பிள்ளை இல்லாத மனுஷன். நம்மளை விட்டா அவரை நினைக்க யாரு இருக்கா?" என்றார். தபால்காரரை எடுக்கலாம் என்று ஆரம்பித்து, அவரையும் பாதி வழியில் திரும்பச் சேர்த்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை அறையைக் கூட்டி, நாற்காலிகளைத் துடைத்து வைத்தோம். ஆறு பெண்களும் வந்து சுவரோரமாக நின்றார்கள். அத்தான் அவர்களை உட்காரச் சொல்லவில்லை. எழுந்து தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பல் டாக்டர்."

சட்டையைப் பிடித்து இழுத்தேன். என் பக்கம் திரும்பவே இல்லை.

"வந்திருக்கார்" என்று அவரே சொன்னார்.

பேக்கரிக்காரர் வந்திருக்கார். தபால்காரர் வந்திருக்கார். ஒருவரையும் விடவில்லை. நடுவிலேயே பெண்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு படியிறங்கிவிட்டார்கள். மருந்துக்கடைப் பெண் மட்டும் நின்றாள். தையல்காரர் முறை வந்தபோது அத்தான் அந்த நாற்காலியின் முதுகைத் தொட்டுக்கொண்டே சொன்னார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கடைசியாக அவர் தன்னைக் கூப்பிட்டுக்கொண்டார்.

"பூட்டு."

தன் நாற்காலியைப் பார்த்துக்கொண்டு அவரே பதிலும் சொன்னார்.

"வந்திருக்கார்."

அவள் ஒரு அடி முன்னால் வந்தாள். "அண்ணே, நான் எங்க உக்காரட்டும்?"

அத்தான் நாற்காலிகளை ஒரு சுற்றுப் பார்த்தார். "காலி இடம் இல்லையேம்மா" என்றார்.

அவள் படியிறங்குகிற சத்தம் நின்ற பிறகு, அத்தான் ஜன்னலைச் சாத்தினார். எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"அத்தான், உங்களுக்கு 'வந்திருக்கேன்'னு சொல்லணும். மாத்திச் சொல்லிட்டீங்க."

"தெரியும் மச்சான். அப்புறம் எனக்குச் சொல்ல ஆள் இருக்காது. அதான் இப்பவே சொல்லிட்டேன்."